கடைசி மணி அடித்த பிறகு

பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தவுடன் பிள்ளைகள் ஓட்டமாய் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முப்பது, முப்பத்தைந்து வருஷ காலம் அந்த மணிக்குக் கட்டுப்பட்டு நடந்த உபாத்தியாயருக்கும் ஒரு நாள் கடைசி மணி அடிக்கிறது. மாலை, சால்வை, வாழ்த்துப் பத்திரம், வடை, காப்பி எல்லாம் கிரமப்படி நடந்தேறுகின்றன. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொள்கிறார். "எங்கே புறப்பட்டுவிட்டீர்கள்?" என்று மனைவி கேட்ட பிறகுதான், போவதற்கு இடமில்லை என்பது அவருக்கு நினைவு வருகிறது.

அப்படிப் போக இடமில்லாதவர்களுக்கு ஓர் இடம் உண்டு. ஓய்வு பெற்ற பள்ளி ஊழியர்களின் சங்கமே அது. அண்மையில் ஒரு சிற்றூரில் அத்தகைய சங்கத்தின் மாதக் கூட்டத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் கூட்டம். நாற்காலிகள் போதவில்லை. எழுபது வயது நிரம்பிய பெரியவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தனர். தலைமை ஆசிரியர், தமிழ்ப் பண்டிதர், தையல் ஆசிரியை, குமாஸ்தா, ஆயா, மணி அடித்த பியூன் ஆகிய அனைவரும் அங்கே இருந்தனர். உத்தியோக காலத்தில் ஒருவர் முன் ஒருவர் உட்காரத் தயங்கியவர்கள் இன்று ஒரே பெஞ்சியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்த காட்சி நம் மனத்தைக் குளிர்வித்தது.

சென்ற மாதம் காலமான இரண்டு அங்கத்தினர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றனர். பின்னர், பழைய கணக்கு உபாத்தியாயராகிய காரியதரிசி வரவு செலவை வாசித்தார். ஆண்டு நேர்காணலுக்குச் செல்ல வேண்டியவர்களின் பெயர்களைப் பட்டியலாகச் சொன்னார். நடக்க இயலாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து, விரல் ரேகை பதிந்து, உயிர்வாழ்வுச் சான்று அனுப்பும் ஏற்பாடு உண்டென்பதையும் நினைவூட்டினார். இதுவரை எல்லாம் வழக்கமான சமாசாரங்கள்தாம்.

அதன்பின் தமிழ்ப் பண்டிதர் எழுந்தார். ஒரு நாள் நள்ளிரவில் அவர் மனைவிக்கு மார்வலி கண்டது. கையில் கிடைத்த வண்டியில் மிக அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார். அம்மையார் பிழைத்தார். செலவு இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெண்ணின் நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டினார். மாதந்தோறும் தம் பென்ஷனில் இன்ஷூரன்ஸுக்காகப் பணம் பிடிக்கப்பட்டு வந்ததால், தொகை திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருந்தார். ஆனால், 'அந்த ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது.

"எத்தனையோ பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுத்தேன். என் விண்ணப்பத்துக்கு ஒரு நல்ல பதில் வாங்க எனக்குத் தெரியவில்லையே!" என்றார் அவர். அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இந்த ஒரு வார்த்தைக்காகவே நாம் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். வயோதிகர் தனியாக நின்று ஒரு பெரிய ஸ்தாபனத்தோடு வாதாட இயலாது. அதற்குச் சங்கம் வேண்டும். ஆனால் சங்கம் மட்டும் இருந்தாலும் போதாது. வியாதி வருவதற்கு முன்பே வீட்டிலுள்ள காகிதங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். இவ்விரண்டில் எது குறைந்தாலும் மற்றது பயன்படாது.

பென்ஷன் பிச்சையல்ல

நம் நாட்டில் உதவி பெறும் பள்ளிகளில் உழைத்தவர்களுக்கு ஒரு காலத்தில் பென்ஷனே கிடையாது. சேமநிதியில் சேர்ந்த சொற்பத் தொகையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். 1955-ஆம் வருஷத்தில், காமராஜர் முதன் மந்திரியாக இருந்த காலத்தில், சென்னை ராஜ்யம் இக்குறையை நீக்க முன்வந்தது. பென்ஷன், சேமநிதி, இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு முப்பயன் திட்டம் ஒன்றை அது ஏற்படுத்தியது. உபாத்தியாயரின் முதுமையையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்து நினைப்பது நேற்று வந்த நாகரிகமல்ல என்பதற்கு இதுவே சான்று.

1982-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் நகாரா வழக்கில் தீர்ப்புக் கூறினர். குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் தாராளமான பென்ஷன், அதற்கு முந்தியவர்களுக்குப் பழைய பென்ஷன் என்ற பாகுபாடு செல்லாது என்றும், பென்ஷன் என்பது எஜமானன் மனமிரங்கிக் கொடுக்கும் தானமல்ல, உழைத்தவனின் உரிமை என்றும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் ஓய்வு பெற்ற இரண்டு அரசாங்க ஊழியர்களும் ஒரு சங்கமும் ஆவர். அந்த நாளையே இன்றும் பென்ஷனர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கடல் கடந்த ஓர் உதாரணம்

உபாத்தியாயர் சங்கம் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாறு நல்ல பாடமாகும். கலிபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்து 1944-இல் ஓய்வு பெற்றவர் எதெல் பெர்சி ஆண்ட்ரஸ் என்னும் அம்மையார். பழைய உபாத்தியாயினி ஒருவர், வாடகை கொடுக்க வழியின்றிக் கோழிக்கூண்டாக இருந்த ஒரு கொட்டகையில் குடியிருந்ததை அவர் நேரில் கண்டார் என்று அவர் ஸ்தாபித்த சங்கத்தின் வரலாறு கூறுகிறது. 1947-இல் அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் தேசீய சங்கத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் முதியோர்க்கு வைத்திய இன்ஷூரன்ஸ் கொடுக்க அங்கே எந்தக் கம்பெனியும் துணியவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் வாசலை ஏறி இறங்கியும் அம்மையார் சளைக்கவில்லை. 1956-இல், சங்க அங்கத்தினர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து ஓர் இன்ஷூரன்ஸ் ஏற்பாட்டைப் பெற்றே விட்டார். முதியோர்க்கான அரசாங்க வைத்திய இன்ஷூரன்ஸ் அந்நாட்டில் சட்டமானது 1965-இல்தான். சங்கம் அரசாங்கத்துக்கு ஒன்பது வருஷம் முந்திக்கொண்டது!

இக்கதைக்கு இரண்டாவது பாகமும் உண்டு. அந்த ஏற்பாட்டுக்கு உதவிய தரகர் பிற்பாடு சொந்தத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியை நிறுவிப் பெருஞ்செல்வரானார். சங்கம் அங்கத்தினர்களுக்கு உழைக்கிறதா, கம்பெனிக்கு உழைக்கிறதா என்ற கேள்வி 1970-களின் இறுதியில் அந்நாட்டில் பலமாக எழுந்தது. முடிவில் சங்கம் அக்கம்பெனியை விட்டு வேறிடம் நாடியது. நமது சங்கத்தின் பெயர் அச்சிட்ட பாலிசியாயினும் வாசித்துப் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

வீட்டுக்கு வேண்டிய யோசனைகள்

இனி, நம் வீடுகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசாங்கப் பென்ஷன் பெறுவோருக்கு ஒரு வைத்திய இன்ஷூரன்ஸ் திட்டம் இருக்கிறது. 2022-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து நான்கு வருஷ காலத்துக்கு அது வகுக்கப்பட்டபோது, மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடிப்பதென்றும், பென்ஷனருக்கும் துணைவருக்குமாக 5 லட்ச ரூபாய் வரை கிடைக்குமென்றும் விதிக்கப்பட்டது. ஒவ்வொரு கால முடிவிலும் தொகையும் ஆஸ்பத்திரிப் பட்டியலும் மாறக்கூடும். ஆகையால் நடப்பிலுள்ள பட்டியலைக் கருவூலத்திலோ சங்கத்திலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நள்ளிரவில் மார்வலி வரும்போது பட்டியலைத் தேட ஒருவருக்கும் கை ஓடாது.

அடையாளச் சீட்டில் துணைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்று இன்றே பாருங்கள். பென்ஷன் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு என்று இருப்பது நம் குடும்பங்களில் சகஜம். தேகம் நலமாக இருக்கும்போது திருத்திக்கொள்ள ஒரு விண்ணப்பம் போதும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த பிறகு அதே பிழை மலையாய் நிற்கும்.

அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். மத்திய அரசாங்கத்தின் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில், ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவுத் தொகையை மறுக்கலாகாது என்று 2018-ஆம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்துள்ளனர். சென்னை உயர்நீதி மன்றமும் பல வழக்குகளில் இதே நோக்கில் பென்ஷனர்களுக்கு அனுகூலமாகத் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆனால், அவசரம் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. எந்த நேரத்தில், எந்த நிலையில் நோயாளி சேர்க்கப்பட்டார் என்று டாக்டர் எழுதிய சான்று, வீடு திரும்பும்போது தரும் வைத்தியக் குறிப்பு, அசல் ரசீதுகள் ஆகிய இவை இல்லாத வாதம் வெறும் புலம்பலாகவே முடியும். கம்பெனி மறுத்தால் மாவட்டக் கலெக்டர் தலைமையிலான குழுவுக்கு முறையிடலாம்.

சொந்தத்தில் வைத்திய பாலிசி எடுக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை வேறு. 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய பாலிசி கூடாதென்ற கட்டுப்பாடு 2024 ஏப்ரலில் நீங்கிவிட்டது. அதே வருஷத்து விதிகளின்படி, முன்பே உள்ள வியாதிக்குக் காத்திருக்கும் காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படக் கூடாது. ஐந்து வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பின், மோசடி என்று நிரூபித்தாலன்றி, பழைய வியாதியை மறைத்தீர் என்று சொல்லிப் பணத்தை மறுக்கவும் கூடாது. ஆனாலும் நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்து எழுதச் சொல்லும் ஏஜெண்டின் பேச்சைக் கேளாதீர்கள். கமிஷன் அவருக்கு, கஷ்டம் உங்களுக்கு. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பின்றி வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை வைத்திய உதவி தரும் மத்திய அரசாங்கத் திட்டம் 2024 அக்டோபர் 29-ஆம் தேதி தொடங்கியது. சொந்தப் பாலிசி வைத்திருப்போரும் இதில் சேரலாம். ஏற்கெனவே வேறோர் அரசாங்கத் திட்டத்தில் இருப்போர், எதை வைத்துக்கொள்வது என்று விசாரித்து முடிவு செய்வது நலம்.

ஓய்வூதியப் பணம் பாங்கில் விழுந்த மறுவாரம், 'ஐயா, வணக்கம்' என்று இனிக்கப் பேசுபவர் ஒருவர் வருவார். 'இன்ஷூரன்ஸும் ஆச்சு, முதலீடும் ஆச்சு' என்று பத்து வருஷம் பணம் கட்டும் பாலிசி ஒன்றை நீட்டுவார். அறுபது வயதுக்காரருக்கு வேண்டியது வைத்தியத்துக்குப் பாதுகாப்பும், வேண்டும்போது எடுக்கக்கூடிய பணமுமே. போனஸ் வந்திருக்கிறது என்று தொலைபேசியில் கூப்பிட்டு ரகசிய எண் கேட்பவர் எவராயினும் அவர் திருடரே.

கம்பெனியோடு தகராறு நேர்ந்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிடில், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். சென்னையிலேயே அவர் அலுவலகம் உண்டு. கட்டணமுமில்லை, வக்கீலும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. பென்ஷன் உத்தரவின் எண், பாங்குக் கணக்கு, குடும்பப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த நியமனப் பத்திரம் ஆகிய இவை எங்கே இருக்கின்றன என்பது துணைவிக்குத் தெரிய வேண்டும். குடும்ப பென்ஷனுக்கு அலையும் விதவையரில் பலர், கணவர் உயிரோடிருந்தவரை அந்தப் பெட்டியைத் திறந்தே பாராதவர்கள். "அவளுக்கு ஏன் கவலை?" என்று அன்பினால் மறைத்து வைப்பது பின்னர் அவளுக்கே தீராத கவலையாகிவிடுகிறது.

அன்று மாலை, பண்டிதரின் மேல்முறையீட்டை அந்தச் சிறிய பெஞ்சியிலேயே வைத்து எழுதினர். வாசகத்தைத் தலைமை ஆசிரியர் சொன்னார், குமாஸ்தா எழுதினார், கணக்கு உபாத்தியாயர் ரசீதுகளைக் கூட்டிச் சரிபார்த்தார். ஆஸ்பத்திரியில் அவசரச் சான்று வாங்கி வருவதாகத் தையல் ஆசிரியை ஏற்றுக்கொண்டார். பண்டிதர் கையெழுத்திட்டபோது அவர் முகத்தில் சற்றுத் தெளிவு தோன்றியது.

"இங்கே யாருடைய காகிதங்களெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன?" என்று காரியதரிசி கேட்டார். தலைமை ஆசிரியர் உட்படப் பலர் தலையைக் குனிந்துகொண்டனர். பழைய பியூன் மட்டும் எழுந்து வந்து, தம் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். அடையாளச் சீட்டு, ஆஸ்பத்திரிப் பட்டியல், பென்ஷன் உத்தரவின் நகல், மனைவியின் பெயர் திருத்திய விண்ணப்பம் எல்லாம் வரிசையாக நூலால் கட்டியிருந்தன.

"எப்படியப்பா இவ்வளவு ஒழுங்கு?" என்று வியந்தார் தலைமை ஆசிரியர்.

"மணி அடிக்கிறவன் நேரத்தைத் தவற விடலாமா, ஐயா?" என்றார் அவர்.