நிலம் பெயர்ந்த இசை: ஜாஸும் தமிழகமும்

தோற்றுவாய்

நிலத்திற்குரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியவற்றோடு பறையையும் யாழையும் ஒருங்கு வைத்துக் கூறுகின்றார். இசை நிலத்தோடு பிணைந்தது என்பது அவர் கருத்து. ஆயின், ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து தோன்றுமாயின், அவற்றை வந்த நிலத்திற்கு உரியனவாகவே கொள்ளலாம் என்றும் அவரே விதி வகுத்துள்ளார். பூவிற்கும் புள்ளிற்கும் கூறிய இவ்விதி இசைக்கும் இசைக்கருவிக்கும் பொருந்துமா? இவ்வினாவிற்கு விடை காண, நிலம் பெயர்ந்து உலகெங்கும் பரவிய ஜாஸ் இசையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தை மனத்திற்கொண்டே இவ்வினாவை எழுப்புகின்றோம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூர், 1970-களிலிருந்து தொழில் நகரமாக வளர்ந்தது. பல மாநிலத்துத் தொழிலாளர் இன்று அங்கே வாழ்கின்றனர். மக்கள் கலக்குமிடத்தில் இசையும் கலக்கும் என்பதற்கு ஜாஸின் வரலாறே சான்றாகும்.

ஜாஸின் பிறப்பு

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலோடு கலக்குமிடத்திற்கு அண்மையில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். 1718-இல் பிரெஞ்சுக்காரரால் அமைக்கப்பெற்ற அந்நகரம் பின்னர் ஸ்பானியர் ஆட்சிக்கு உட்பட்டு, 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழியினரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் கூடித் தம் முழவுகளை முழக்கி ஆடினர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. வயலிலும் சாலையிலும் உழைத்தோர் பாடிய தொழிற்பாடல்கள், இறைவேட்கைப் பாடல்கள், துயரிசையாகிய புளூஸ், ராக்டைம் என்னும் தாளநடை, ஐரோப்பியப் பித்தளைக் கருவிக் குழுக்களின் அணிநடை இசை ஆகிய இவை அனைத்தும் ஒன்றுகூடிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜாஸாக உருப்பெற்றன.

அந்நகரத்து இறுதி ஊர்வலங்களில் இடுகாடு செல்லும்போது மெல்லிய துயரிசையும், அடக்கம் முடிந்து மீளும்போது துள்ளல் இசையும் முழங்கும். சாவிற்குப் பறை முழங்கும் மரபுடைய நமக்கு இது புதுமையன்று. இறப்பில் எழும் இசையை ஆக்கியோர் சமுதாயத்தில் தாழ்த்தப்பட்டோராய் இருந்தனர் என்பதும் இரு நிலத்திற்கும் பொதுவாகும்.

முதல் உலகப் போர்க் காலந்தொட்டு, தென்மாநிலக் கறுப்பின மக்கள் தொழிற்சாலை வேலை நாடிச் சிகாகோ முதலிய வடநகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு ஜாஸும் சென்றது. நியூ ஆர்லியன்ஸில் 1901-இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் 1922-இல் சிகாகோ சேர்ந்ததும் இவ்வழியேயாம். இசைக்கும் தொழில் நகரத்திற்கும் உள்ள தொடர்பினை இதனால் அறிகின்றோம்.

பெயர் பெற்றோரும் பெயர் இழந்தோரும்

ஜாஸின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் பட்டி போல்டன் என்னும் கார்னெட் கலைஞர். 1877-இல் பிறந்து 1931-இல் மறைந்த அவரது வாசிப்பில் ஓர் ஒலிப்பதிவேனும் இன்று கிடைத்திலது. 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு, வெள்ளையர் குழுவொன்றினது ஆகும். ஆக்கியோர் ஒருவர், முதலிற் பதிவுற்றோர் மற்றொருவர். வரலாறு பெரும்பாலும் பதிவினையே நம்புவது. பதிவில் இல்லார் வரலாற்றில் மங்கிவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் இந்நிலை உண்டு. பம்பாய், கல்கத்தா நகரங்களின் விடுதிகளில் 1930-களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜாஸ் வாசித்தனர். அவர்களிடமிருந்து கோவாவைச் சேர்ந்த கலைஞர் பலர் அவ்விசையைக் கற்றுத் திரையிசைக்குள் கொணர்ந்தனர். ஆயின் படத்தின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் பெயர் ஒளிர, கருவி இசைத்தோர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

இரு கருவிகளின் பயணம்

பெல்ஜிய நாட்டு அடோல்ஃப் சாக்ஸ் என்பார் 1846-இல் உரிமம் பெற்ற சாக்சபோன், படைக்குழுக்களில் வழங்கிப் பின்னர் ஜாஸின் தலைமைக் கருவிகளுள் ஒன்றாயிற்று. அக்கருவியைத் தென்னக இசைமேடைக்கு உரியதாக்கியவர் கத்ரி கோபால்நாத் ஆவார் (1949–2019). கர்நாடகக் கடலோரப் பகுதியில் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த அவர், மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈடுபட்டார். பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று தேர்ந்தார். விசையை அழுத்தினால் நிலைத்த சுரம் எழுப்புவது சாக்சபோனின் இயல்பு. சுரத்தை அசைத்தும் இழைத்தும் காட்டும் கமகத்திற்கு அது எளிதில் இடந்தாராது. மூச்சாலும் இதழாலும் விரலின் நுண்ணசைவாலும் அவ்வியல்பை மாற்றிக் கமகத்தை எழுப்பியதே அவர்தம் அரும்பணி. 1994-இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தின் வாயிலாக அவ்வொலி தமிழகத்து இல்லங்களை அடைந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ (1923–2009), 1960-களில் மலேசியாவில் தங்கியிருந்தபோது நாகசுரத்தைக் கேட்டு உளம் உருகினார். பின்னர்த் தென்னிந்தியாவிற்கு வந்து அதனைப் பயின்றார். தம் இசைத்தட்டுகளிலும் வாசித்தார். சீவாளியை இதழால் நெரித்துச் சுரத்தின் நுண்மையைக் காட்டும் கருவி நாகசுரம். அவ்விதழ் நுட்பமே சாக்சபோன் கலைஞரை ஈர்த்தது எனலாம். ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1964-இல் டி. ஏ. எஸ். மணி நிறுவிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியினரோடு அவர் இணைந்து படைத்த 'ஜோதி' 1983-இல் வெளிவந்தது. ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடமும் எல். சங்கரின் வயலினும் ஒலித்தமையும் இவ்வுறவின் பிறிதொரு கிளையாம்.

ஒப்பும் வேறுபாடும்

ஜாஸிற்கும் நம் இசைக்கும் பொதுவானது, மேடையில் அப்பொழுதே கற்பனையால் இசை படைத்தல். நம்மவர் மனோதர்மம் என்பது இதனையே. எனினும் இரண்டும் ஒன்றே எனக் கூறுதல் பொருந்தாது. ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் ஒரே காலத்தில் பல சுரங்கள் கூடி ஒலிக்கும் சுரக்கட்டுகளின் வரிசையைப் பற்றிக்கொண்டு கற்பனை செய்வர். நம்மவரோ இராகம் ஒன்றின் இலக்கணத்துள் நின்று, தாளச் சுற்றில் கணக்கிட்டு வந்து சேர்வர். ஒற்றுமை வழியைத் திறந்தது. வேற்றுமை கற்க வேண்டியதைத் தந்தது. மரியானோவும் கோபால்நாத்தும் வெற்றி பெற்றமைக்குக் காரணம், வந்த நிலத்தின் இலக்கணத்தை முற்றக் கற்றமையே. தொல்காப்பிய விதி இசைக்கும் பொருந்தும். ஆயின் பூ தானே வருவது, இசையோ உழைப்பால் மட்டுமே வந்த நிலத்திற்கு உரியதாவது என்னும் வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

இனி நம் கடமை யாது? ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் ஊர்த்திருவிழாக்களிலும் இறுதி ஊர்வலங்களிலும் முழங்கும் இசை, மூன்று மொழிகளும் புதிய குடியேற்றமும் கலக்கும் இடத்தில் பிறப்பது. அதனைக் கலப்பென்று ஒதுக்கின், காங்கோ சதுக்கத்தின் முழவைக் கேளாது சென்றோரின் பிழையையே நாமும் செய்தவராவோம். முதுகலை மாணவர் இவ்விசையை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். பாடலையும் தாளத்தையும் குறித்தலோடு அமையாது, முழக்கியவரின் இசைவு பெற்று, அவர் பெயரையும் ஆசான் பெயரையும் ஊரையும் உடன் எழுதுதல் வேண்டும்.

ஆநிரை மீட்டு மடிந்த வீரனின் பெயரை நடுகல்லிற் பொறித்த நிலம் இது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அத்தகைய கற்கள் பல இன்றும் நிற்கின்றன. வீரனுக்குக் கல் எடுத்த நிலம், அவனுக்காகப் பறை முழக்கியவனின் பெயரைப் பொறிக்கவில்லை. அக்குறையை ஏட்டிலேனும் தீர்த்தல் நம் காலத்து ஆய்வாளர்க்கு உரிய கடனாகும்.