கொலைகாரனுக்குக் கைதட்டல், மனைவிக்கு வசவு

2013 ஆகஸ்ட் மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு நடிகை கட்டுரை எழுதினார். பெயர் அன்னா கன். 'பிரேக்கிங் பேட்' தொடரில் கதாநாயகனின் மனைவி ஸ்கைலராக நடித்தவர். தான் ஏற்ற பாத்திரத்தின் மேல் ரசிகர்கள் கொட்டித் தீர்க்கும் வெறுப்பைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை. ஸ்கைலரைத் திட்டுவதற்கென்றே முகநூலில் பக்கங்கள் இருந்தன. அவற்றில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருந்தார்கள். நாளாவட்டத்தில் பாத்திரத்தின் பெயர் கழன்று, நடிகையின் பெயரே வசவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் எங்கே கிடைப்பார், கொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதியதைப் படித்தபோது உண்மையிலேயே பயம் வந்ததாக அன்னா கன் சொல்லியிருந்தார்.

அந்தத் தொடரில் ஸ்கைலர் யாரையும் கொல்வதில்லை. கொல்வது புருஷன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வால்ட்டர் வைட், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரத்து வேதியியல் வாத்தியார். வயது 50. பள்ளிச் சம்பளம் போதாமல் மாலையில் கார் கழுவும் இடத்தில் வேலை. மகனுக்கு மூளை முடக்குவாதம், மனைவி கர்ப்பம். இந்த நேரத்தில் நுரையீரல் புற்றுநோய் என்கிறார் டாக்டர். குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவிட்டுப் போகலாம் என்று, தெரிந்த வேதியியலை வைத்து 'மெத்' என்ற போதைப்பொருளைக் காய்ச்ச இறங்குகிறார். 2008 ஜனவரியில் ஏ.எம்.சி. சேனலில் சுமாரான வரவேற்போடு தொடங்கிய தொடர், 62 எபிசோட் ஓடி 2013 செப்டம்பர் 29 அன்று முடிந்தபோது, கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

சாது வாத்தியாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடூரனாக மாற்றிக் காட்டுவதே தன் திட்டம் என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார். சாதாரணமாகத் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் பத்து வருடம் போனாலும் அப்படியே இருப்பார். வால்ட்டர் மாறுவார். எந்த எபிசோடில் பார்வையாளர் "போதும்டா சாமி" என்று எழுந்து போவார் என்பதுதான் கில்லிகன் ஆடிய ஆட்டம். பெரும்பாலானோர் எழுந்து போகவேயில்லை.

எப்படி உட்கார வைத்தார்கள் என்பதற்கு முதல் சீசனின் மூன்றாவது எபிசோடே போதும். போதை விற்கும் இளைஞன் ஒருவனை, கழுத்தைத் தூணோடு சேர்த்து சைக்கிள் பூட்டால் பூட்டி, நிலவறையில் அடைத்து வைத்திருக்கிறார் வால்ட்டர். விட்டால் குடும்பத்தைக் கொன்றுவிடுவான். கொல்லவோ மனசு வரவில்லை. கொல்லலாமா கூடாதா என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் பட்டியல் போட்டுப் பார்க்கிறார். ஓரத்தை வெட்டிவிட்டு சாண்ட்விச் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறார். இருவரும் பேசுகிறார்கள். தன் மகனுக்குத் தொட்டில் வாங்கியது அந்த இளைஞனின் அப்பா நடத்திய ஃபர்னிச்சர் கடையில்தான் என்று தெரியவருகிறது. விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துச் சாவியெடுக்க மேலே வந்தவர், முன்பு உடைந்த தட்டின் சில்லுகளைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஒட்ட வைத்துப் பார்க்கிறார். கத்தி போன்ற ஒரு துண்டு மட்டும் இல்லை. அது கீழே இருப்பவன் கையில். பிறகு நடக்கும் கொலை நீளமானது, பார்க்கச் சகிக்காதது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நெரிக்கிறார். இவ்வளவு தவித்தவனைப் பார்வையாளரால் மன்னிக்காமல் இருக்க முடிவதில்லை. நடித்த பிரையன் கிரான்ஸ்டன் அதற்கு முன் 'மால்கம் இன் த மிடில்' நகைச்சுவைத் தொடரில் அசட்டு அப்பாவாகப் பெயர் வாங்கியவர் என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கொலைக்குத் தவிப்பு இருந்தது. அடுத்தடுத்து அது தேய்கிறது. 2009இல் வந்த இரண்டாவது சீசனில், கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் ஹெராயின் மயக்கத்தில் மல்லாந்து கிடந்து வாந்தியில் மூச்சுத் திணறுகிறாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிழைத்துவிடுவாள். வால்ட்டர் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். கில்லிகன் முதலில் யோசித்தது இதைவிட மோசம்: வால்ட்டரே கூடுதல் ஊசி போட்டுக் கொல்வதாக இருந்ததாம். அதற்குள் அவ்வளவு தூரம் வேண்டாம் என்று கூட இருந்தவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில் ஜேனின் முகத்தில் ஒரு கணம் தன் சொந்த மகளின் முகம் தெரிந்து உடைந்துபோனதாக கிரான்ஸ்டன் பின்னாளில் எழுதினார்.

2011இல் வால்ட்டர் ஒரு சின்னப் பையனுக்கு விஷம் வைக்கிறார். 2012இல், வால்ட்டர் கூட்டத்தின் கொள்ளையைப் பார்த்துவிட்ட இன்னொரு சிறுவனை அவருடைய கூலியாள் சுட்டுக் கொல்கிறான். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை என்று ஜெஸ்ஸியிடம் உருகும் வால்ட்டர், அவன் நகர்ந்ததும் வேலை செய்தபடி சீட்டியடிக்கிறார். தொடர் முழுவதிலும் உறைய வைப்பது எது என்று கேட்டால், ரத்தம் தெறிக்கும் காட்சிகளை விட்டுவிட்டு இந்தச் சீட்டியைத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஸ்கைலர் செய்தது என்ன? சந்தேகப்பட்டாள். கேள்வி கேட்டாள். உண்மை தெரிந்ததும் வீட்டை விட்டுப் போ என்றாள். போக மறுத்தவனிடம், ஆபீஸ் முதலாளியோடு தனக்கு உறவு இருப்பதாகச் சொல்லிக் குத்தினாள். ரசிகர்களின் ஆத்திரம் அங்கே உச்சத்துக்குப் போனது. கொலையும் விஷமும் 'குடும்பத்துக்காக' ஆகிவிட்டன; மனைவியின் துரோகத்துக்கு மட்டும் காரணம் கேட்க யாரும் தயாராக இல்லை.

காரணத்தில் பாதி ஆணாதிக்கம்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஸ்கைலரை வெறுப்பவர்கள் பெண் வெறுப்பாளர்கள் என்று கில்லிகனே 2013இல் ஒரு பேட்டியில் பட்டென்று சொன்னார். அன்னா கன்னும் தன் கட்டுரையில், 'சோப்ரானோஸ்' தொடரின் கார்மெலா, 'மேட் மென்' தொடரின் பெட்டி டிரேப்பர் ஆகிய மனைவிகளுக்கும் இதே கதி நேர்ந்ததைச் சுட்டிக்காட்டினார். மீதிப் பாதி கதை சொல்லும் முறையில் இருக்கிறது. கேமரா வால்ட்டரோடு பாலைவனத்துக்குப் போகிறது, நிலவறைக்கு இறங்குகிறது. அவர் எதற்குப் பொய் சொல்கிறார் என்பது நமக்குத் தெரியும், ஸ்கைலருக்குத் தெரியாது. அதனால் அவள் கேட்கும் நியாயமான கேள்விகூட நமக்கு நச்சரிப்பாகக் கேட்கிறது. வால்ட்டர் திருந்திவிட்டால் தொடர் முடிந்துவிடும். ஆகவே "நிறுத்து" என்று சொல்பவள், ஞாயிற்றுக்கிழமை இரவு நம் டி.வி.யை அணைக்க வருபவளாகிவிடுகிறாள். ஆரம்ப எபிசோடுகளில் கண்டிப்பையும் சந்தேகத்தையும் தவிர அவளுக்கு அதிகம் எழுதித் தராத எழுத்தாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

நல்லது செய்பவரைப் பார்வையாளர் விரும்புவார், கெட்டது செய்பவர் தண்டிக்கப்பட வேண்டும் என எதிர்பார்ப்பார் என்று 1970களில் டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் விளக்கினார். சினிமாவில் வில்லன் நம்பியாரைக் கண்டால் ஜனங்கள் பல்லைக் கடித்த காலத்துக்கு அது அப்படியே பொருந்தும். கெட்டவனே நாயகனாக வரும் ஆன்டி ஹீரோ தொடர்களில் வரிசை தலைகீழாகிறது. முதலில் ஆளைப் பிடித்துவிடுகிறது; அப்புறம் அவர் செய்வதற்கெல்லாம் நியாயம் தேடத் தொடங்குகிறோம்.

'சோப்ரானோஸ்' இதற்கு முன்னோடி. 1999இல் அதன் ஐந்தாவது எபிசோடில் மாஃபியா தலைவன் டோனி, மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில் ஒரு பழைய காட்டிக்கொடுத்தவனைக் கண்டுபிடித்துக் கழுத்தை நெரிக்கிறான். ரசிகர்கள் வெறுத்துவிடுவார்கள் என்று எச்.பி.ஓ. சேனல் அதிகாரிகள் பதறினார்கள். கொல்லாமல் விட்டால்தான் வெறுப்பார்கள் என்று நின்றார் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ். அவர் கணக்குத்தான் சரியாக இருந்தது.

'பிரேக்கிங் பேட்' தொடரின் நான்காவது சீசனில் வால்ட்டரும் ஸ்கைலரும் படுக்கையறையில் பேசும் காட்சி ஒன்று உண்டு. உனக்கு ஆபத்து இருக்கிறது, போலீசிடம் போய்விடலாம் என்று அவள் கெஞ்சுகிறாள். ஆபத்தே நான்தான், கதவைத் தட்டிச் சுடுகிற ஆள் நான்தான் என்று அவர் சீறுகிறார். அந்த வசனம் டி-ஷர்ட்டுகளில் அச்சாகி உலகம் முழுக்க விற்றது. வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்பதைச் சட்டை வாங்கியவர்கள் மறந்துவிட்டார்கள்: பயந்துபோன மனைவியிடம். அதே எபிசோடில் அவள் கைக்குழந்தையோடு கார் ஓட்டிக்கொண்டு, நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் நினைவுச்சின்னத்துக்குப் போகிறாள். எந்தப் பக்கம் ஓடலாம் என்று காசு சுண்டிப் பார்க்கிறாள். காசு கொலராடோ பக்கம் விழுகிறது. குனிந்து எடுக்காமல், செருப்புக் காலால் நியூ மெக்சிகோ பக்கம் நகர்த்துகிறாள். வீட்டுக்குத் திரும்புகிறாள்.

அடுத்த சீசனில் அவள் வால்ட்டரிடம் சொல்வது இன்னும் கடுமை. பிள்ளைகளை அந்த வீட்டிலிருந்து அப்புறப்படுத்த அவள் போடும் திட்டங்களை ஒவ்வொன்றாக அவர் முறியடிக்கிறார். அப்படியானால் காத்திருப்பேன் என்கிறாள். எதற்கு என்று கேட்டால், புற்றுநோய் திரும்பி வருவதற்கு.

திரைக்கும் நிஜத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை ரசிகர்கள் தாண்டியது வசவில் மட்டுமல்ல. வால்ட்டர் கோபத்தில் பீட்சாவைக் கூரை மேல் வீசும் காட்சி 2010இல் வந்தது. படப்பிடிப்பு நடந்த ஆல்புகர்க்கி வீட்டில் அப்போது நிஜமான குடும்பம் வசித்தது. ரசிகர்கள் வந்து அந்தக் கூரை மேல் பீட்சா எறிய ஆரம்பித்தார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள் என்று 2015இல் கில்லிகனே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் வீட்டுக்காரர்கள் சுற்றிலும் வேலி போட்டார்கள். 2022 ஜூலையில் அதே ஊரில் வால்ட்டருக்கும் ஜெஸ்ஸிக்கும் வெண்கலச் சிலையே வைத்தார்கள். மெத் காய்ச்சியவர்களுக்குச் சிலையா என்று உள்ளூர் அரசியல்வாதிகள் சிலர் முணுமுணுத்தார்கள்.

அன்னா கன்னுக்கு 2013, 2014 இரண்டு வருடமும் எம்மி விருது கிடைத்தது. கில்லிகனின் மனசும் மாறிவந்தது. வருடம் போகப் போக வால்ட்டர் மேல் இரக்கம் குறைகிறது என்று 2022இல் பேட்டி கொடுத்தார். 2025இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதை வாங்கிய மேடையில், கெட்டவர்களைக் கதாநாயகர்களாக எழுதியது போதும், நல்லவர்களை எழுதுவோம் என்று சக எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டார். அதே வருடம் நவம்பரில் வந்தது அவருடைய அடுத்த தொடரான 'ப்ளூரிபஸ்'. அதன் மையப் பாத்திரம் ஒரு பெண். எரிச்சல்காரி, முரண்டு பிடிப்பவள். உலகமே ஒத்துக்கொண்ட ஒன்றுக்கு "முடியாது" என்கிறாள். கேமரா இந்த முறை அவள் பக்கத்தில் நிற்கிறது.