தருமாஸ்பத்திரியின் கதை

யாழ்ப்பாண நகரில் வந்திறங்கும் எவரும் அதிகம் வழி கேளாமலே சென்றடையக்கூடிய இடங்களுள் ஒன்று பெரியாஸ்பத்திரி. அது அமைந்திருக்கும் வீதிக்கே ஆஸ்பத்திரி வீதி என்று பெயர். காலை வேளையில் அதன் வாயிலிலே கூடும் சனக்கூட்டத்தைச் சற்று நின்று பார்த்தால், வட பகுதி முழுவதையும் ஒருங்கே கண்டது போன்றிருக்கும். கிளினிக் கொப்பியைப் பத்திரமாகப் பற்றிக்கொண்டு நிற்கும் முதியவர். காய்ச்சலுற்ற குழந்தையைத் தோளிற் சாய்த்தபடி வரும் தாய். சுடுதண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பையும் சுமந்து விடுதிகளை நாடி விரையும் உறவினர். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தவரும், வன்னியிலிருந்து பஸ்ஸேறி வந்தவரும் அங்கே அருகருகே அமர்ந்திருப்பர்.

அரசாங்க ஏடுகளில் இதன் பெயர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. ஆயின், நம் பாட்டன் பாட்டியர் வாயில் வழங்கிய பெயர் தருமாஸ்பத்திரி என்பதாகும். அப்பெயர் எங்ஙனம் வந்தது? அத்தருமத்தைத் தொடங்கியவர் யாவர்? இன்று அது யாருடைய கையில் இருக்கின்றது? நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் இவை.

உற்ற நேரத்து நண்பர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வைத்தியம் இல்லாமலில்லை. தலைமுறை தலைமுறையாகச் சித்த வைத்தியம் செய்துவந்த பரிகாரிமார் இருந்தனர். வீடும் உறவும் உடையவன் நோயுற்றால், பாயில் கிடத்திப் பேணுவதற்கு ஆள் உண்டு. வீடற்றவனும், வழிப்போக்கனும், உறவினராற் கைவிடப்பட்டவனும் நோயுற்றால் எங்கே செல்வது? பேதியும் அம்மையும் அடிக்கடி பரவிய அக்காலத்தில் இவ்வினா உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

ஏழைகளுக்கு உதவும் பொருட்டு அந்நாளிலே சங்கமொன்று இயங்கியது. 'பிரெண்ட் இன் நீட் சொசைட்டி' என்பது அதன் ஆங்கிலப் பெயர். உற்ற நேரத்தில் உதவும் நண்பர் சங்கம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக நீண்ட காலம் விளங்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் முயற்சியால், 1850 ஆம் ஆண்டில் இச்சங்கத்தின் பெயரில் யாழ்ப்பாண நகரிலே ஓர் ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. இதுவே இன்றைய பெரியாஸ்பத்திரியின் மூலம். தருமச் சங்கமொன்றின் ஆஸ்பத்திரியாதலின், மக்கள் அதனைத் தருமாஸ்பத்திரி என்றழைத்ததில் வியப்பில்லை.

1907 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனைப் பொறுப்பேற்றது. நிருவாகம் மாறியதேயன்றி, மக்கள் நாவில் வழங்கிய பெயர் மாறவில்லை. ஆயினும் கருத்திலே பெரியதொரு மாற்றம் மெல்ல மெல்ல நிகழலாயிற்று. செல்வர் இரங்கி ஏழைக்கு ஈவது என்ற நிலை போய், நோயுற்ற குடிமகன் எவனும் பெறற்குரியது சிகிச்சை என்ற நிலை இந்நாட்டில் வேரூன்றியது. 1971 ஆம் ஆண்டில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. அச்சிறு தொகையும் 1977 இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று விடுதியிற் படுத்திருப்பவரிடம் கட்டிலுக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு என்று அங்கே எவரும் கணக்கு நீட்டுவதில்லை.

மானிப்பாயில் ஒரு பள்ளி

தருமாஸ்பத்திரி வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் இன்னொரு பணி நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கைக்கு வந்தார். நோயாளருக்கு மருந்து கொடுத்ததோடு அவர் அமையவில்லை. உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கவும் முற்பட்டார். 1873 இல் அவர் தாயகம் திரும்புவதற்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மேலைநாட்டு வைத்தியம் பயின்றனர். அவர்களுட் பலர் அதனைத் தமிழ் மொழியிலேயே கற்றனர்.

அதற்கென நூல்கள் வேண்டுமன்றோ? இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவருடைய மாணவராலும் தமிழில் ஆக்கப்பட்டன. நூறாண்டுகளுக்குப் பின், 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியது. பெரியாஸ்பத்திரியும் அதனோடு போதனா வைத்தியசாலையாயிற்று. மாணவர் நூல்களை ஆங்கிலத்திலே பயின்றபோதிலும், கட்டிலருகே நின்று, "எப்ப தொடக்கம் நோகுது, அம்மா?" என்று தமிழிலே கேட்டுத்தான் நோயின் வரலாற்றை அறிகின்றனர். கிறீன் உணர்ந்திருந்த உண்மை இதுவே: நோயாளியின் மொழியை அறியாதவன் அவனுடைய நோயையும் முழுமையாக அறிய இயலாது.

இரத்தம் படிந்த நாட்கள்

இவ்வைத்தியசாலையின் வரலாற்றைக் கூறுவோர் 1987 ஆம் ஆண்டைத் தாண்டிச் செல்ல முடியாது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளித் திருநாளன்று, இந்திய அமைதி காக்கும் படையினர் வைத்தியசாலையினுட் புகுந்து சுட்டனர். அன்றும் மறுநாளும் நோயாளரும் பணியாளருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வைத்தியரும், தாதியரும், சிற்றூழியரும் அவர்களுள் அடங்குவர். மறுநாட் காலை, கைகளை உயர்த்தியவாறு தாதியருடன் வெளிவந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்நாளிலே அவ்வளாகத்தில் அவர்கள் நினைவு கூரப்படுகின்றனர்.

அதன் பின்னரும் சோதனை தீரவில்லை. 1990 ஆம் ஆண்டில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் வகுக்கப்பட்டது. மின்சாரமற்ற அவ்வாண்டுகளில், மின்பிறப்பாக்கிகளின் துணையோடு சத்திரசிகிச்சைகள் நடந்தன. 1995 இன் பேரிடப்பெயர்வின்போது நகரமக்களோடு வைத்தியசாலைப் பணியாளரும் வெளியேற நேர்ந்தது. மக்கள் திரும்பியபோது வைத்தியமும் திரும்பியது. கற்சுவர்கள் மட்டுமே ஒரு வைத்தியசாலையாகிவிடா. வெளியேறிச் செல்லவும் வழியிருந்த காலத்தில், வேலைக்கு வந்த மனிதரே அதனை நிலைபெறச் செய்தவர்.

இன்றைய சேவை

இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டு, வட மாகாணத்தின் தலைமை வைத்தியசாலையாக இது விளங்குகின்றது. வெளிநோயாளர் பிரிவு, விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவு, சத்திரசிகிச்சைக் கூடங்கள், மகப்பேற்று விடுதிகள், குழந்தைகள் விடுதிகள், தீவிர சிகிச்சைப் பிரிவு, சிறுநீரக நோயாளருக்கான இரத்தச் சுத்திகரிப்பு எனப் பல துறைகள் இங்குண்டு. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆகிய இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளிற் குணப்படுத்த இயலாத நோயாளர் இங்கே அனுப்பப்படுகின்றனர். 2018 ஆம் ஆண்டு முதல், 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் நோயாளர் காவு வண்டிச் சேவையும் வட பகுதிக்குக் கிடைத்துள்ளது.

இலவசம் என்ற சொல்லை நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நோயாளி பணம் கொடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒருவரும் கொடுக்கவில்லை என்பது பொருளன்று. கடையில் நாம் வாங்கும் பொருளின் வரியிலிருந்தே அம்மருந்து வருகின்றது. ஆகவே, சிறு தடிமனுக்கும் நகரத்துக்கு ஓடாமல், அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையை நாடுவதும், வாங்கிய மாத்திரைகளை வீட்டு மூலையிற் குவித்து வையாமல் விதித்தபடி உட்கொள்வதும், பார்வையாளர் நேரத்தை மதிப்பதும் நம் கடனாகும். தாதியரிடம் உரத்த குரலிற் பேசுமுன், அவர் அன்று எத்தனை கட்டில்களைக் கவனித்தவர் என்று எண்ணிப் பார்ப்பதும் அக்கடனில் அடங்கும்.

மாணவருக்கு ஒரு வார்த்தை

பணங்கொடுத்தும் வாங்க முடியாத மருந்தொன்று உண்டு, அதுவே இரத்தம். எந்தத் தொழிற்சாலையும் அதனை உற்பத்தி செய்வதில்லை. நாட்டின் இரத்த வங்கிகளுக்கு அது ஊதியம் பெறாத தொண்டர்களிடமிருந்தே வருகின்றது. 18 வயது முதல் 60 வயது வரையுள்ளவரும், 50 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல ஆரோக்கியமும் உடையவருமான எவரும் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். ஒருமுறை கொடுப்பது அரை லீற்றருக்கும் குறைவே. செங்குருதிக் கலங்களைச் சில வாரங்களே பாதுகாக்கலாம். குருதிச் சிறுதட்டுக்களுக்கோ ஆயுள் சில நாட்களே. இதனால், ஆண்டுக்கொரு விழாவாக அன்றி, ஆண்டு முழுவதும் கொடுப்போர் வேண்டும்.

தருமம் எல்லைகளைக் கடக்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்றுண்டு. 2011 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, இலங்கையின் தென்கோடியான தெவுந்தரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை நிதி திரட்டும் நடைபயணமொன்று நிகழ்ந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தவரும் அதிற் பங்குபற்றினர். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 1850 இல் ஒரு சங்கம் தன் பெயராகச் சூடிய 'உற்ற நேரத்து நண்பர்' என்ற கருத்து இன்னும் உயிரோடிருக்கின்றது.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு என்பது வள்ளுவர் கருத்து: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். முதல் மூன்றும் ஒரு கூரையின் கீழ் அமைந்துவிட்டன. நான்காவது இடத்தில் தாதியரும் சிற்றூழியரும் மட்டும் நிற்பது போதாது. ஊராராகிய நாமும் நிற்கவேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரி வீதியாற் செல்லும் மாணவன், அக்கட்டடத்தை வெறும் கட்டடமாகக் காணாமல், தன் முன்னோர் தனக்காக விட்டுச்சென்ற முதுசொமாகக் காண்பானாயின், தருமாஸ்பத்திரி என்ற பழைய பெயர் பொருளிழந்து போகாது.