உதவிநிதிக்காக மாணவர் செய்யும் ஊக்குச் சின்னங்கள்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

டிசம்பர் 7 கொடிநாள். பள்ளி மாணவர்கள் நம் சட்டையில் சிறு கொடியைக் குத்திவிட்டு உண்டியலை நீட்டுவது பழகிய காட்சி. 1949 முதல் இவ்வாறு திரளும் நிதி முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சேர்கிறது. 1991இல் நியூயார்க் நகரக் கலைஞர்கள் சிவப்பு நாடாவைக் கையால் மடித்து, ஊக்கால் குத்தி வழங்கினர். அதுவே எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமாக உலகெங்கும் பரவியது. நம் பகுதி மாணவர்களும் இவ்வாறு சின்னம் செய்து, விற்று, நோயாளிகளுக்கு உதவ விரும்பினால் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

நிதி எதற்குப் பயன்படும்?

காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கலாம். ஆனால் துணைக்கு வருபவரின் உணவு, பயணக் கட்டணம், இழந்த நாட்கூலி ஆகியவை குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் நீடிக்கும். மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்தொடர் வண்டியில் நாள்தோறும் இருவர் சென்று வருவதும் அன்றாடக் கூலியை நம்பிய வீட்டிற்குச் சுமையே. இத்தகைய சிறு செலவுகளுக்கே இச்சிறு நிதி பொருத்தமானது.

செய்முறை

தையற்கடையில் எஞ்சும் துண்டுத் துணியே போதும். ஒரே அளவில் இரு வட்டங்களை வெட்டி, நடுவே சிறிது பஞ்சு வைத்து, ஓரம் தைக்க வேண்டும். ஊக்கைப் பின்புறத் துணியுடன் நூலால் இறுகத் தைப்பது நல்லது. பசையால் மட்டும் ஒட்டினால் கழன்று விழும். குண்டூசியைத் தவிர்த்து, முனை மூடும் ஊக்கையே பயன்படுத்துக.

பாதுகாப்பு

• சிறு குழந்தைகள் மணியையும் ஊக்கையும் வாயில் இட்டுக்கொள்வர். அவர்களுக்குச் சின்னத்தை அணிவிக்க வேண்டாம். ஊக்கை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமலும் உணவு கொடுக்காமலும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வருக.
• புற்றுநோய் மருந்து பெறுவோர்க்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் சிறு குத்துக்காயமும் கிருமித்தொற்றுக்கு வழியாகலாம். நோயாளியின் உடையிலோ படுக்கையிலோ சின்னத்தைக் குத்த வேண்டாம்.
• எம்.ஆர்.ஐ. அறைக்குச் செல்லும் முன் நோயாளியும் துணைவரும் ஊக்குகளைக் கழற்றிவிட வேண்டும்.

கணக்கு

ஒரு சின்னத்திற்குப் பொருட்செலவு 6 ரூபாய், விலை 20 ரூபாய் என்று கொள்வோம். 200 சின்னங்கள் விற்றால் வரவு 4,000 ரூபாய். செலவு 1,200 ரூபாய் போக, உதவிக்கு எஞ்சுவது 2,800 ரூபாய். இம்மூன்று தொகைகளையும் விற்பனை முடிந்ததும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் ஐயத்திற்கு இடமில்லை. பணத்தை ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் வைத்து, வழங்கும்போது பற்றுச்சீட்டுப் பெறுவது முறை. மருத்துவமனை வளாகத்தில் விற்பதற்கு முன் அனுமதி தேவை.

உங்கள் உரிமை

நிதி திரட்டுவோர் நோயாளியின் பெயரையோ படத்தையோ நோய் விவரத்தையோ கேட்டால், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுப்பதால் உங்கள் சிகிச்சைக்கு எவ்விதக் குறையும் நேராது. குழந்தை நோயாளியாயின், பெற்றோர் இசைந்தாலும் குழந்தையின் விருப்பத்தையும் கேளுங்கள். விற்பனைக்கு உரியது மாணவரின் கைவேலை மட்டுமே. நோயாளியின் துயரம் அன்று.