திருகினால் வில் இறுகுமா?

காயிலோவர் எனப்படும் சாதனத்தில், ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில் அமர்ந்திருக்க, அவ்வில்லைத் தாங்கும் வளையத்தை மரையின்மீது மேலும் கீழும் திருகி நகர்த்த வசதியிருப்பதால், வளையத்தை ஏற்றினால் வில் கடினமாகிவிடும் என்ற அபிப்பிராயம் கார்ப் பிரியர்களிடையே சகஜமாக நிலவுகிறது. அது பெரும்பாலும் பிரமையே.

வில்லின் கடினம் என்பது கம்பியின் கனம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகத்தின் குணம் ஆகியவற்றால் வில் உருவாகும்போதே நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. வில் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு விசையுடன் எதிர்க்கும் என்னும் விதியை, 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்ட ராபர்ட் ஹூக், 1678-இல் அதை விடுவித்துக் காட்டினார். ஒரு சக்கரத்தின் வில் 300 கிலோ பாரத்தைத் தாங்குகிறது என்றும், அதை 1 மில்லிமீட்டர் அமுக்க 6 கிலோ தேவை என்றும் கொண்டால், கார் தரையில் நிற்கையில் அவ்வில் 50 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். நான்கு சக்கரங்களிலும் வளையத்தைச் சமமாக 10 மில்லிமீட்டர் ஏற்றி முன்னதாகவே இறுக்கி வைத்தாலும், தாங்கவேண்டிய பாரம் மாறாமையால் மொத்த அமுக்கமும் அதே 50 தான். ஷாக் அப்சார்பர் மட்டும் 10 மில்லிமீட்டர் குறைவாக உள்ளே செல்ல, காரின் ஒவ்வொரு மூலையும் ஏறக்குறைய அவ்வளவு உயர்கிறது. மேட்டில் அமுங்க இடம் மிகுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்க இடம் குறைகிறது. முன்னிறுக்கம் பாரத்தையே விஞ்சினாலன்றிப் பிரயாணத்தில் வில்லின் கடினம் மாறுவதில்லை.

ஆகையால் உயரத்தைச் சரிசெய்யும் முறை இதுவே: வளையத்தை, ஜாக்கியில் தூக்கும்போது வில் தளர்ந்து ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷாக் அப்சார்பர் உடலின் அடிப்பகுதியையும் தனியே திருகக்கூடிய வகையாயின் உயரத்தை அங்கேயே சரிசெய்ய வேண்டும். பின்னர் காரை இறக்கிச் சிறிது தூரம் உருட்டி, சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். ஒரு காலுக்கு மட்டும் சக்கை வைத்த ஸ்டூலில், அந்தக் காலும் அதற்குக் குறுக்கெதிர்க் காலுமே பாரத்தைச் சுமப்பது போல, காரின் ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் அம்மூலையும் எதிர்மூலையும் கனத்துவிடும். பந்தயக்காரர்கள் ஓட்டுநரின் எடையையும் சேர்த்து நான்கு தராசுகளில் காரை நிறுத்தி நிறுப்பதன் சூட்சுமம் இதுதான்.

உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறுமாதலால், வீல் அலைன்மென்ட் இறுதியில் அவசியம். கடினமான ஓட்டம் வேண்டுவோர் வளையத்தைத் திருகிப் பயனில்லை. வில்லையே மாற்ற வேண்டும்.