‘எனக்கு வருமானமே இல்லை’ என்று அப்பா சொன்னால்? குழந்தைக்கான ஜீவனாம்சமும் கஸ்டடியும்: சட்டம் சொல்வது என்ன

கணவன், மனைவி பிரிந்த பிறகு வக்கீல் ஆபீஸில் பெரும்பாலும் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான்: “பிள்ளைக்கு மாசம் எவ்வளவு சார் கிடைக்கும்?”

சட்டத்தில் இதற்கு ஒரு எண் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டமே போய், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதே விஷயம் 144-வது பிரிவு. மனுவில் நம்பர் மாறியிருக்கிறதே தவிர, அடிப்படை அப்படியேதான் இருக்கிறது: வசதி இருந்தும் தன் குழந்தையைக் கவனிக்காத அப்பா, மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும். கல்யாணம் செய்துகொண்டு பிறந்த குழந்தையா, இல்லையா என்பது இதில் பிரச்சினையே இல்லை. மதமும் தடையில்லை. முஸ்லிம் பெற்றோரின் குழந்தைகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆக, எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது இரண்டாவது கேள்விதான். “அவருக்கு என்னம்மா வருமானம்? அதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?”

சிட்டையில் இருக்கும் பணம்

சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருப்பவர் என்றால் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஏதாவது ஒன்று சிக்கும். திண்டுக்கல்லில் கதை வேறு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி, நிலக்கோட்டையில் பூ வியாபாரம், டவுனுக்குள் பூட்டுப் பட்டறை, சின்னாளப்பட்டியில் சேலை வியாபாரம், ஊரில் நாலு ஏக்கர் தோட்டம். இங்கெல்லாம் பணம் கைக்குக் கை மாறும். கணக்கு சிட்டையில் இருக்கும், பேங்கில் இருக்காது. வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவருக்குக்கூட சம்பளம் ஒரு பங்கு அக்கவுன்ட்டில், ஒரு பங்கு கையில் என்று வந்தால், பேப்பரில் தெரிவது பாதிதான்.

அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளின் பதில் மனுவில் ஒரு வரி அடிக்கடி வரும்: “எதிர்மனுதாரருக்கு நிரந்தர வருமானம் ஏதுமில்லை. கிடைக்கும் கூலி வேலைக்குச் சென்று வருகிறார்.” மண்டி தம்பி பெயரில் இருக்கும், தோட்டம் அம்மா பெயரில் இருக்கும், கார் மச்சான் பெயரில் இருக்கும்.

இந்த ஒரு வரியை எதிர்கொள்ளத்தான் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-ல் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. ‘ரஜ்னேஷ் எதிர் நேஹா’ என்று சொன்னால் எந்த வக்கீலுக்கும் தெரியும். அந்த வழக்கின் காலக்கணக்கே ஒரு பாடம். குழந்தை பிறந்த கொஞ்ச நாளில், 2013 ஜனவரியில் மனைவி வீட்டை விட்டு வந்தார். செப்டம்பரில் மனு போட்டார். இடைக்கால உத்தரவே 2015 ஆகஸ்ட்டில்தான் வந்தது: மனைவிக்கு மாதம் 15,000 ரூபாய், பையனுக்கு முதல் இரண்டு வருடத்துக்கு மாதம் 5,000, அதன் பிறகு 10,000. அதை எதிர்த்துக் கணவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளைக்குப் போனார், தோற்றார். பிறகு டெல்லி. மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்தவன், உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னபோது பள்ளிக்கூடப் பையன்.

அந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு நாடு முழுக்கப் பொருந்தும் விதிமுறைகளை வகுத்தது. இனி ஜீவனாம்ச வழக்கு என்றால் இரண்டு தரப்புமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நாலு வாரம். வாய்தா வாங்கி வாங்கி இழுத்தால் அவரது எதிர்வாதத்தையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். பொய் சொன்னது தெரிந்தால் தனி நடவடிக்கை.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. பத்திரத்துக்கு மூன்று மாதிரிகளை நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. ஒன்று பொதுவானது. இரண்டாவது, விவசாயக் குடும்பங்களுக்கென்றே தயாரித்தது. (மூன்றாவது மேகாலயாவுக்கு மட்டும்.) விவசாய மாதிரியில் நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, பாசனம் எதிலிருந்து, என்ன பயிர், ஆடு மாடு எத்தனை, கோழிப்பண்ணை உண்டா, கடந்த மூன்று வருட சராசரி வருமானம் என்ன, சமீபத்தில் நிலத்தை விற்றாரா அடமானம் வைத்தாரா என்று கேள்விகள் நீள்கின்றன. திண்டுக்கல் சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமான படிவம் வேண்டுமா? வக்கீல் பொது மாதிரியை மட்டும் நிரப்பிக் கொடுத்தால், “விவசாய மாதிரியும் வேணும் சார்” என்று கேட்பதில் தப்பில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதைப் பொய் என்று காட்ட, வீட்டிலிருந்தே சில வேலைகளைச் செய்யலாம். பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். நோட்டீஸ் போன மறுமாதம் தோட்டம் தம்பி பெயருக்கு மாறியிருந்தால் அது வில்லங்கத்தில் அப்படியே தெரியும். வண்டி நம்பர், கடை போர்டில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண், இன்ஸ்டாகிராமில் அவரே போட்ட டூர் போட்டோ எல்லாம் உதவும். பேங்க் கணக்கு, கம்பெனி சம்பள விவரம் போன்றவற்றை நேரடியாக வரவழைக்கும்படி நீதிமன்றத்திடம் மனு போடலாம். அவர் போனை எடுத்து பேங்க் ஆப்பைத் திறந்து பார்ப்பது மட்டும் வேண்டாம், அது வேறு சிக்கலை இழுத்துவிடும்.

வேலையை விட்டுட்டேன் என்றால்?

நோட்டீஸ் வந்ததும் வேலையை ராஜினாமா செய்கிறவர்களும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் பார்த்த ஒரு வழக்கில் கணவர், தொழிலை மூடிவிட்டேன், வருமானம் இல்லை என்றார். உடல் ஆரோக்கியமாக இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது மனைவி, குழந்தைகளைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு ஏற்கெனவே போட்டிருந்த 6,000 ரூபாயுடன் மனைவிக்கு 10,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. படிப்பு, அனுபவம், இதுவரை வாழ்ந்த வசதி எல்லாவற்றையும் வைத்து “இவர் இவ்வளவு சம்பாதிக்க முடியும்” என்று நீதிபதியே ஒரு கணக்குக்கு வரலாம். ‘ஹவுசிங் லோன், பைக் இ.எம்.ஐ. போக இவ்வளவுதான் மிச்சம்’ என்ற கணக்கு அங்கே அவ்வளவாக எடுபடாது.

அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால்? அதனால் அப்பாவின் பொறுப்பு போய்விடாது. பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 2000-ல் வந்த ஒரு வழக்கில் அப்பாவின் சம்பளம் அம்மாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டு, அதை இருவரும் 2:1 என்ற விகிதத்தில் ஏற்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதனால் ஸ்கூல் ஃபீஸ், வேன் காசு, டியூஷன், ஆஸ்பத்திரி பில் என்று குழந்தை செலவுக்கான ரசீதுகளையும் ஜிபே கணக்கையும் சேர்த்து வைப்பது இரு தரப்புக்குமே நல்லது. பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் அப்பாவும் கையில் கொடுக்காமல் அக்கவுன்ட்டில் போடுவது புத்திசாலித்தனம்.

பெரியவர்கள் பேசி முடிக்கும்போது “அஞ்சு லட்சம் வாங்கிக்கிறோம், இனி பிள்ளைக்கு எதுவும் கேக்க மாட்டோம்” என்று எழுதி வாங்குவது நம்ம ஊரில் சகஜம். அம்மா தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது.

144-வது பிரிவில் பொதுவாக 18 வயது வரைதான். உடல், மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அதன் பிறகும் உண்டு. காலேஜ் படிக்கும் மகளுக்கு? இந்துக் குடும்பமாக இருந்தால், கல்யாணமாகாத, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மகள் 1956-ம் வருட தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவில் தனியாகக் கேட்கலாம்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை

உண்மையான அவஸ்தை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாக்கி விழுந்தால் வசூல் மனு போட வேண்டும். நீதிமன்றம் வாரன்ட் பிறப்பித்து சொத்திலிருந்து வசூலிக்கலாம். அப்படியும் வராவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. “உள்ளே போயிட்டு வந்துட்டா கடன் தீர்ந்துச்சு” என்று நினைத்தால் அது தவறு. சிறை என்பது கட்ட வைக்கும் வழி மட்டுமே, கடன் அப்படியே நிற்கும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இந்த வாரன்ட் மனுவை, பணம் தர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ‘தருவார், தருவார்’ என்று மூன்று வருடம் காத்திருந்தால் பழைய பாக்கிக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

பிள்ளை யாரிடம்?

“அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அதுக்கப்புறம் அப்பா” என்று ஊரில் ஒரு சட்டம் ஓடுகிறது. முன்பாதி ஓரளவு சரி. இந்து மைனர், காப்பாளர் சட்டம் 1956-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பின்பாதி எந்தச் சட்டத்திலும் இல்லை. அதே சட்டம் இயற்கைக் காப்பாளர் “அப்பா, அவருக்குப் பிறகு அம்மா” என்றும் சொல்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது அப்பாவின் கையெழுத்து கேட்டார்கள். அவர் நீதிமன்றம் போனார். ‘அவருக்குப் பிறகு’ என்பதற்கு ‘அவர் இறந்த பிறகு’ என்று மட்டும் அர்த்தமில்லை, அப்பா குழந்தையைக் கவனிக்காத நிலையிலும் அம்மா காப்பாளர்தான் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கஸ்டடியில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலன் ஒன்றைத்தான். யாருக்கு உரிமை அதிகம், யார் மேல் தப்பு என்பதெல்லாம் அடுத்தது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சென்னையிலிருந்து போன ஒரு தம்பதியின் வழக்கில்தான். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்பார்கள். நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, அம்மா அப்பா இல்லாமல் பேசுவதும் உண்டு. அதற்காகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனால் பல நேரம் இரண்டு கேள்வியில் வெளுத்துவிடும்.

ஒருவரிடம் கஸ்டடி இருந்தால் இன்னொருவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர் வீடியோ காலில் பேசவும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. “பிள்ளையைக் காட்டுனாத்தான் காசு” என்று அப்பாவும், “காசு வந்தாத்தான் பிள்ளை” என்று அம்மாவும் நிற்பது சட்டத்தில் நிற்காது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். ஒன்றை மீறியதற்கு இன்னொன்றை நிறுத்துகிறவர்தான் அடுத்த வாய்தாவில் மாட்டுவார்.

பள்ளி வாசலிலிருந்து அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அவரும் காப்பாளர் என்பதால் போலீஸ் இதை வழக்கமாகக் கடத்தல் கேஸாக எடுக்காது. காப்பாளர் சட்டத்தில் கஸ்டடி மனு போடலாம். குடும்ப வன்முறை இருந்தால் அந்தச் சட்டத்தின் 21-வது பிரிவில் தற்காலிக கஸ்டடி கேட்கலாம். அவசரம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. திண்டுக்கல்காரர்களுக்கு அது மதுரைக் கிளை. 2004-க்கு முன்னால் போல சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது?

கணவர் திருப்பூரிலோ சென்னையிலோ இருந்தாலும், அம்மா தான் இருக்கும் ஊரிலேயே ஜீவனாம்ச மனு போடலாம். குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். கஸ்டடி மனுவுக்குக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்தான் கணக்கு. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100-க்கு போன் செய்யலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181.

முதன்மை மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போட வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாண்டும். ஆனால் 2020 தீர்ப்புக்குப் பிறகு, உத்தரவு எப்போது வந்தாலும் மனு தாக்கலான தேதியிலிருந்தே தொகை கணக்காகும். “பேசிப் பார்ப்போம்” என்று பெரியவர்கள் சொல்லும் ஆறு மாதத்துக்கான குழந்தைச் செலவு, அந்தக் கணக்கில் வராது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனுவும் ஒரு பக்கம் நம்பராகட்டும்.