இடித்தவன் ஓடிவிட்டான்... இழப்பீடும் போய்விடுமா?

"டாக்டர், அன்னைக்கு நீங்க கட்டுப் போட்டதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும். அம்பதாயிரம் ரூபாய் வருமாம்... பையன் பேப்பர்ல படிச்சிருக்கான்."

வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கியபடி அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்ததுமே எனக்கு நினைவு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில் பால் வாங்கப் போனவரை ஒரு மினி வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றி நேராக என்னிடம் கொண்டுவந்தார். அந்த அம்மாவின் மாமியாருக்கு முழங்கால் வலி பார்த்தவன் நான், அந்தப் பழக்கம்! எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பில் முறிவு; நல்லவேளை, எலும்பு விலகவில்லை. மூங்கில் சிம்பு வைத்து முறைப்படி கட்டினேன். எலும்பும் கூடிவிட்டது.

ஆனால் என் ஓ.பி. நோட்டில் அன்று நான் எழுதியிருந்தது என்ன தெரியுமா? 'விபத்து. வலது மணிக்கட்டு வீக்கம்.' அவ்வளவுதான். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி... ஒன்றுமே இல்லை. "போலீசில் சொன்னீர்களா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் 'சட்டம் சார்ந்த மருத்துவம்' ஒரு பாடமாகவே இருந்தது. நல்ல மார்க்கும் வாங்கினேன். பரீட்சை ஹாலோடு அதை விட்டுவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது!

அந்த அம்மா வீட்டில் ஜாக்கெட் தைத்து சம்பாதிப்பவர். மூன்று மாதமாக மிஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறார். ஐம்பதாயிரம் என்பது அவருக்கு என்ன தொகை என்று உங்களுக்கே தெரியும்.

பையன் படித்தது சரியான செய்திதான். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 161-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. முன்பு உயிரிழப்புக்கு 25 ஆயிரம், கொடுங்காயத்துக்கு 12,500 என்று இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் என்று உயர்த்திவிட்டார்கள்.

'கொடுங்காயம்' என்றதும் கை கால் துண்டாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். எலும்பு முறிந்தாலோ, மூட்டு விலகினாலோ, பல் உடைந்தாலோகூட சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம்தான். வெறும் சிராய்ப்புக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது.

இத்தனை இருந்தும் எத்தனை பேர் கேட்கிறார்கள்? 2022-ல் நாடு முழுக்க இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் மட்டும் 67,387. அந்த நிதியாண்டில் இந்தத் திட்டத்தில் வந்த மனுக்கள் வெறும் 205! கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று தெரியவில்லை என்றால், "இப்படி ஒரு திட்டம் இருக்கிறது, இன்ன அதிகாரியிடம் மனு கொடுங்கள்" என்று காயம்பட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ போலீசாரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் போலீசுக்கே போகாதவருக்கு யார் தெரிவிப்பது?

முதல் நாள் காகிதம்

எலும்பு கட்டும் வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன், கேளுங்கள். ரோட்டில் அடிபட்டால் முதலில் என்னிடம் வராதீர்கள். கட்டு வைத்தியர் எவரிடமும் போகாதீர்கள். நேராக அரசு ஆஸ்பத்திரிக்கோ, விபத்துப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பிறகு வேண்டுமானால் எங்களிடம் வரலாம்.

முதல் காரணம் உயிர். வெளியில் கீறல்கூட இல்லாமல் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வாந்தி, அசாதாரணத் தூக்கம், குழறும் பேச்சு, காதில் ரத்தம்... இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. அடிபட்ட இடத்தை எண்ணெய் போட்டு நீவவே கூடாது. முறிந்த எலும்பை நீவி நரம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ல் தொடங்கியது. மத்திய அரசும் 2025-ல், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய்க்குள், பணம் கட்டாமல் சிகிச்சை பெறத் திட்டம் கொண்டுவந்தது.

இரண்டாவது காரணம் காகிதம். ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்க்கும்போதே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வது இதைத்தான். பின்னால் காயச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். எல்லாம் இதையொட்டித்தான் நிற்கும்.

இங்கேதான் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள். "போலீஸ், கோர்ட்டுன்னு எதுக்குப்பா வம்பு... வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு." டியூட்டி டாக்டரும் 'தானாக விழுந்தது' என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியை அழிக்க, அப்புறம் நீங்கள் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். வண்டி இடித்தது என்றால் இடித்தது என்றே சொல்லுங்கள். நேரம், இடம், வண்டியின் நிறம், நம்பரில் ஞாபகம் உள்ள இரண்டு எழுத்து... எல்லாவற்றையும் சொல்லுங்கள். அழைத்து வந்தவர் பயப்படத் தேவையில்லை. உதவி செய்தவரைச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 2019-ல் பாதுகாப்புச் சேர்த்துவிட்டார்கள்.

வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். இன்னொருவர் விபத்து நடந்த தெருவுக்குப் போய், கடைகளில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

போலீஸ் புகாரை எழுத்தில் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தாசில்தாரிடம் ஒரு மனு

வண்டி கிடைக்கவில்லையா? விபத்து எந்தத் தாலுகாவில் நடந்ததோ அங்குள்ள தாசில்தாரிடமோ, கோட்டாட்சியரிடமோ மனுப் படிவம் கொடுக்க வேண்டும். கூடவே எஃப்.ஐ.ஆர். நகல், காயத்துக்கான மருத்துவ அறிக்கை (உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை), ஆஸ்பத்திரி பில், அடையாள அட்டை, பாஸ்புக் நகல். பிறகு வேறு வழியில் இழப்பீடு கிடைத்தால் இதைத் திருப்பித் தருகிறேன் என்று ஓர் உறுதிமொழியும் உண்டு. ஒரு மாதத்துக்குள் அவர் விசாரித்துக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். கலெக்டர் உத்தரவிட்டால் பணம் நேராக பாங்க் கணக்குக்கு வரும். இதற்கு வக்கீல்கூட வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் "நான் வாங்கித் தர்றேன், பாதி எனக்கு" என்று வருகிறவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டி கிடைத்துவிட்டால் கதையே வேறு. அப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். வைத்தியச் செலவு, போன சம்பளம், ஊனம், வலி எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு உண்டு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் நாளைக் கடத்தாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இன்னொன்று. அடிபட்டவர் ஓட்டியது அவருடைய சொந்த வண்டி என்றால், அந்த இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டிப் போய் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 15 லட்சம் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கலாம். இடித்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் அது உண்டு. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்த அம்மா என்ன ஆனார்? "மூணு மாசம் கழிச்சு வந்து சொன்னா எப்படிம்மா?" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து எஸ்.பி.க்கு எழுதச் சொன்னேன். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஏ.ஆர். காப்பி இல்லாத குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டியது அந்த எக்ஸ்ரே கவர்தான்! அதில் விபத்து நடந்த அதே தேதி, அவருடைய பெயர், வயது எல்லாம் அச்சாகியிருந்தது. பால் பூத்தில் இருப்பவரும், ஆட்டோ பிடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மணிக்கட்டைத் திருப்பினால் இன்னும் லேசாக வலிக்கிறதாம். மிஷின் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கொக்கி வைப்பதை மட்டும் மகள் செய்கிறாள். அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் விசாரணை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒன்றரை வரி ஓ.பி. நோட்டை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.